மாதா உருவம் வைத்த தாலி

எடிசன்,
16 ஜூலை 1996

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் அமலிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அண்ணன் ஜெர்ரி வீட்டாரும் சுகம், டெக்சாஸ் ரிச்சர்ட்சனில் நீயும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். என் முழங்கால் வலி பழையபடிதான். போன கடிதத்தில் நீ தேதி போடவில்லை, இனி அப்படி எழுதாதே.

உன் போன் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சத்தியசீலனைக் குறை சொல்லமாட்டேன், நல்ல பிள்ளை. ஆனால் கல்யாணம் அவர்கள் புராட்டஸ்டண்ட் சபையில், நம் சாமியார் இல்லாமல். போதாததற்கு அவன் அம்மா, “தாலியில மரியாள் உருவம்லாம் எதுக்கு, சிலுவை ஒண்ணு போதும்லா” என்றாளாம், நீயும் தலையாட்டிவிட்டு வந்தாயாம். எங்கள் கான்வென்ட்டில் மதர் பெர்பெச்சுவா அயர்லாந்துக்காரர். புராட்டஸ்டண்ட் இங்கிலீஷ்காரன் ஆட்சியில் அவர் முன்னோர் ஒளிந்து மலைக்குப் போய், மழையில் ஒரு பாறையைப் பீடமாக்கிப் பூசை கண்டதையும், கத்தோலிக்க வேதத்தை விடாததால் நிலம் பறிபோனதையும் கண் கலங்காமல் சொல்வார். அழுவது நாங்கள்தான். அது என் ரத்தத்தில் ஊறிப்போனது.

என் பக்கம் பேசுவார் என்று நம்பி, இங்கே பங்குச் சாமியார் டொனலியிடம் போனேன், அவர் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தவர். எல்லாம் கேட்டுவிட்டு, தன் அக்காளும் ஒரு புராட்டஸ்டண்ட்டைத்தான் கட்டினாள் என்றார். அவர்கள் அம்மா கல்யாணத்துக்குப் போகவில்லை, அதன்பின் சாகும்வரை பேசவும் இல்லை. அம்மாவின் சவப்பெட்டியைத் தூக்கும்போது அக்காள் தெருவின் எதிர்ச் சாரியில் நின்றாளாம். “யாரும் கூப்பிடவில்லை. நானும்தான் கூப்பிடவில்லை, அம்மாவுக்குப் பிடிக்காதே என்று” என்றார். மதரைப் போல அவரால் கண் கலங்காமல் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் டிவியில் அவர் ஊர்தான், புராட்டஸ்டண்ட்டுகளின் மேளம், ஊர்வலம், இரண்டு பக்கமும் கல்லெறி. முந்நூறு வருஷமாக அங்கே யாருக்கும் மனம் இளகவில்லை. எனக்கும் இளகவில்லை, அமலி. வேண்டிப் பார்த்துவிட்டேன். கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். அப்பா உனக்கென்று செய்துவைத்த தாலியை ஜெர்ரி கொண்டுவருவான், மாதா உருவம் அப்படியே இருக்கிறது. வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்தனுப்பு, உருக்கிவிடாதே.

தேவமாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். டெக்சாஸ் வெயிலில் குடையில்லாமல் போகாதே. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். என் பெட்டியைத் தூக்கும் நாளில் நீ எதிர்ச் சாரியில் நிற்காதே. அன்றைக்கு என்னால் கூப்பிட முடியாது, நீயாக உள்ளே வா.

உன் அம்மா,
ஜெனோவேவா