ஆம்ப்ளிஃபயருக்குப் புது விசிறி

1997 ஜூலை 8

பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, வழக்கம்போல் வீரேந்திரன் தம் ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். ஓய்வுபெற்றபின் தாமே கட்டியது. சூடு தணிக்க உள்ளே ஒரு விசிறி. நாகசுரத்தைத் தெருமுனைவரை கேட்கும்படி ஏற்றி வைத்தும் விசிறியின் இரைச்சல் அடங்கவில்லை. நான் மாற்றச் சொல்லி ஓராண்டாயிற்று. கட்டிய மனைவி சொல் மட்டும் அவர் காதில் ஏறாது.

“வேணும்னே கேக்காத மாதிரி உக்காந்திருக்கீங்க.”

சிரித்தார்.

ஜூலை 19

சென்னை போய் விசிறி வாங்கி வந்துவிட்டார்! பௌர்ணமி கிரிவலக் கூட்டம், ஆட்டோ கிடைக்காமல் பஸ் ஸ்டாண்டிலிருந்து வேங்கிக்கால் வீடுவரை நடை.

ஜூலை 20

காலை முழுதும் திருப்புளியும் கையுமாக இருந்தார். மாலையில், பாட்டுப் போடாமல் விசிறியை மட்டும் ஓட்டிக் காட்டினார். தகரத்தை ஆணியால் கீறுவதுபோல் கரகரப்பு. பழையதே தேவலை. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், முகம் மலர:

“பாத்தியா குசுமா? ஊசி விழுந்தா கேக்கும். இப்ப திருப்தியா?”

கேலியா? இல்லை, அந்த முகத்தில் கேலி இல்லை.

அப்படியானால் — கூப்பிட்டும் திரும்பாதது, பதிலுக்குச் சிரித்து வைத்தது — எல்லாமே?

“ரொம்ப அமைதியா இருக்குங்க” என்றேன். பிறர் பிழையைச் சிவப்பு மையில் சுழித்தே கல்லூரியில் காலம் தள்ளியவள் நான்.

ஜூலை 24

கரகரப்பு தானாக நின்றுவிட்டது. நிம்மதி.

ஜூலை 26

பெட்டியிலிருந்து புகை. கழற்றிப் பார்த்தார். ஒயர் ஒன்று இறக்கையில் சிக்கி, விசிறி நின்றே போயிருந்தது. சூட்டில் உள்ளே எல்லாம் கருகிவிட்டன. ஒயரில் உரசிய தழும்பைத் தடவினார்.

“இது உரசும்போதே கத்தியிருக்குமே. உனக்குக் கேக்கல?”

“கேட்டுச்சு.”

“சொல்லியிருந்தா ஒயரை ஒதுக்கிக் கட்டியிருப்பேனே!”

“சொன்னா... உங்களுக்குக் கேக்கலைன்னு வெளிய வந்துடுமேன்னு...”

ஒயரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “தெரிஞ்சா எல்லாரும் பாவம்னு பாப்பாங்க. நீ ஒருத்தியாவது திட்டிக்கிட்டு இருக்கட்டும்னுதான் உங்கிட்டயும் மறைச்சேன்.”

என்ன காரியம் பண்ணிட்டேன். திட்டித் தொலைச்சிருக்கலாமே.

ஆகஸ்ட் 9

வேறு ஆம்ப்ளிஃபயர் கட்டப்போவதில்லையாம்.

ஆகஸ்ட் 17

மழை. சேற்றுச் செருப்போடு கூடத்தின் நடுவரை வந்தார். வந்து நின்று, என் முகத்தையே பார்த்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது.

திட்ட வாய் வரவில்லை. துணி எடுத்துத் துடைத்தேன்.