சேற்றுப் பூதமும் நகராட்சி நீச்சல் குளமும்

1971 ஏப்ரல் 6, செவ்வாய்

பூதம் இன்றைக்கும் கிழிந்தது. இந்தத் தடவை பின்பக்கம். பழைய மெத்தைப் பஞ்சையும் தார்ப்பாயையும் வைத்து வேறென்ன தைக்க முடியும்? டெல்பர்ட் கேமராவை அணைக்காமலே கேட்டான்: "பூதம் ஜட்டி போடலாமா நோரீன்?"

போடக்கூடாது என்றேன். எனக்கென்று ஒரு கலைக்கொள்கை இருக்கிறது.

டெல்பர்ட்டின் மனைவியாக இருந்தவரை அவனோடு சண்டை மட்டும்தான். விவாகரத்துக்குப் பிறகுதான் அவன் படங்களுக்குக் கதை, உடை, ரத்தம் எல்லாம் நான். ரத்தம் என்றால் சோளப்பாகில் சிவப்புச் சாயம். எறும்பு மொய்க்கிறது.

ஏப்ரல் 9

படத்துக்குப் பணம் போடுவது டயர் கடை ஹாய்ட் க்ரான்டால். நகராட்சி உறுப்பினர், அடுத்த மேயர் ஆகப்போகிறவன். கதாநாயகனும் அவனே, அது அவனுடைய ஒரே நிபந்தனை. "கடைசில கதாநாயகிப் பொண்ணு என்னைக் கட்டிப் பிடிக்கணும்மா. நீச்சல் உடையில."

கதை இதுதான்: மண் போட்டு மூடிய நீச்சல் குளத்துக்குள்ளிருந்து ஒரு பூதம் எழுந்து வந்து, நகராட்சி உறுப்பினர்களை மட்டும் தின்கிறது.

"அவன் கதையைப் படிச்சானா இல்லையா?" என்று டெல்பர்ட் கேட்டான்.

"தன் வசனத்துக்கு மட்டும் அடிக்கோடு போட்டுப் படிச்சிருக்கான்."

ஏழு வருஷத்துக்கு முன், வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்றிருந்த எங்கள் ஊர்க் குளத்தில் கறுப்பர்களையும் விட வேண்டும் என்று கோர்ட் சொன்ன அந்த வாரமே லாரி லாரியாகச் செம்மண் கொட்டச் சொன்னவன் இதே ஹாய்ட்தான். அங்கே நான் நீச்சல் ஆசிரியை. மண்ணுக்கடியில் என் வேலையும் கிடக்கிறது. இப்போது, காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கிற டிரைவ்-இன் தியேட்டரில் பாப்கார்ன் விற்கிறேன்.

ஏப்ரல் 17, சனி

பூதம் ஹாய்ட்டின் கழுத்தை நெரிக்கும் காட்சி. டெல்பர்ட் "கட்" சொன்ன பிறகும் பூதம் கையை எடுக்கவில்லை. ஹாய்ட் இருமி முடித்துவிட்டு, "பய நல்லா நடிக்கிறான்" என்றான்.

பூதத்துக்குள் இருப்பது லெமுவல் கேடி, ஹாய்ட்டின் கடையில் டயர் மாட்டுகிறவர். ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "முதலாளி கழுத்தையும் பிடிக்கலாம், கூலியும் குடுக்கறாங்க. நம்ம ஊர்ல ஒரு கறுப்பனுக்கு இதைவிட நல்ல வேலை எது மிஸ் நோரீன்?"

சிரித்தோம். அப்புறம் அவர் குளத்தை மூடிய செம்மண்ணைக் காலால் தட்டிவிட்டுக் கேட்டார்: "தண்ணி எப்படி இருக்கும், இங்க?"

"ஜூலை மாசத்துலகூட ஜில்லுன்னு இருக்கும்."

"கடற்படையில இருந்தப்ப பசிபிக்ல நீந்தியிருக்கேன். இதுல ஒரு கால்கூட வெச்சதில்லை."

அவருடைய வால் அறுந்திருந்தது. தைத்துக் கொடுத்தேன்.

ஜூன் 11

படம் வெளியானது. ஒவ்வொரு உறுப்பினரையும் பூதம் மெல்லும்போது டிரைவ்-இன் முழுக்கக் கார் ஹாரன் — முன்வரிசை வெள்ளைக்காரர்களும் கடைசி வரிசைக் கறுப்பர்களும் ஒன்றாக. ஹாய்ட்டுக்குப் புரியப்போகிறது, என்னை உயிரோடு புதைக்கப்போகிறான் என்று பாப்கார்ன் இயந்திரத்துக்குப் பின்னால் ஒடுங்கி நின்றேன்.

வந்தான். கண்ணெல்லாம் ஈரம். "கேட்டியாம்மா? எனக்கு, எனக்கு அடிக்கிறாங்க ஹாரன்."

அடப்பாவி. பாப்கார்னில் உப்புப் போட்டுக் கொடுத்தேன்.

செப்டம்பர் 14

மேயர் தேர்தலில் ஹாய்ட் ஜெயித்துவிட்டான். பூதத்தை அவன் மிதித்து நிற்கிற சுவரொட்டிதான் ஊரெங்கும்.

அவனைக் கிண்டல் பண்ணத்தானே எடுத்தோம்? கடைசியில் நானே அவனுக்கு ஓட்டுக் கேட்ட மாதிரி ஆயிடுச்சே. டெல்பர்ட் விழுந்து விழுந்து சிரிக்கிறான் — சிரிக்கட்டும், அவனை விவாகரத்து செய்தது சரிதான்.

லெமுவல் சிரிக்கவில்லை. "அவருக்கு இன்னொரு படம் எடுப்போம்" என்றார்.

செப்டம்பர் 20

ஹாய்ட்டுக்கும் அதே ஆசைதான். மேயர் அறையில் உட்கார்ந்து பேசினோம்.

"மண்ணுலேர்ந்து வந்தாச்சு. இந்தத் தடவை பூதம் தண்ணிலேர்ந்து வரணும்" என்றேன். "நீங்க மேலேருந்து டைவ் அடிச்சு ஊரையே காப்பாத்தறீங்க."

ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்து வயிற்றை உள்ளே இழுத்தான். "ஆத்துல எடுக்கலாமே?"

"கலங்கல் தண்ணி. உங்க உடம்பு தெரியாது."

இழுத்த வயிற்றைத் தட்டிப் பார்த்தான். "சரி, குளத்து மண்ணை அள்ளிடலாம்."

"குளத்துல ஊரே இருக்கணும். எல்லாரும்."

"எல்லாரும்னா...?"

"காப்பாத்தற தலை கூடக்கூடத்தானே கதாநாயகன் பெரியவன்? அந்தப் பக்கத்து ஆளுங்களும் உங்க கடையிலதானே டயர் வாங்கறாங்க?"

"படத்துக்கு மட்டும்தான்" என்றான்.

"படத்துக்கு மட்டும்தான்" என்றேன்.

1972 மே 12

மண் போயிற்று, தண்ணீர் வந்துவிட்டது. இன்று தெரிந்தது: ஹாய்ட்டுக்கு நீந்தத் தெரியாது. எட்டு வருஷத்துக்குப் பிறகு எனக்கு முதல் மாணவன் இவன்.

வயிற்றுக்குக் கீழே லெமுவல் கை கொடுத்துத் தாங்கினார். மேயர் தவளை மாதிரி உதைத்தான். "விட்றாத, லெமுவல்."

"படம் முடியற வரைக்கும் விடமாட்டேன் சார்."

ஜூன் 3, சனி

படப்பிடிப்பு. வேலிக்கு வெளியே சில வெள்ளைக்காரக் குடும்பத்தார் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பாதிரியார் எங்களைச் சபித்தார். உள்ளே வந்தவர்கள் முதலில் இரண்டு கும்பலாக, நடுவில் ஒரு தெரு அகலத்துக்குத் தண்ணீரை விட்டு நின்றார்கள். "பூதம் வருது, நகருங்க, நகருங்க" என்று நான் ஒலிபெருக்கியில் கத்தக் கத்த அந்தத் தெரு குறுகிக்கொண்டே போனது. நல்ல வெயில் வேறு. மதியத்தில் தெருவே இல்லை.

ஹாய்ட் டைவ் அடித்தான். வயிறுதான் முதலில் தண்ணீரைத் தொட்டது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான்.

லெமுவல் பூதத்தைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்திப் போனார். திரும்பினார். மறுபடி போனார். அது எங்கள் கதையில் இல்லை.

டெல்பர்ட் என் காதருகே வந்தான். "நோரீன், ஃபிலிம் எப்பவோ தீந்துபோச்சு. சும்மாதான் ஓட்டிட்டிருக்கேன்."

"வாயை மூடிட்டு ஓட்டு" என்றேன்.

மாலைவரை ஓட்டினான். இருட்டப்போகும்போது, ஈரத்தலையோடு ஒரு பெண் வந்து நாளைக்கும் ஷூட்டிங் உண்டா என்று கேட்டாள். மேயர் பக்கத்திலேயே நின்றிருந்தார், முதுகைத் துடைத்துக்கொண்டு.

"உண்டுதானே நோரீன்?" என்றார் அவர்.