பின்னால் தள்ளிய தேதி

செவ்வாய், இரவு

தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்! ஒரகடம் ஆபீஸ் மெயிலை, வழியில் யாரும் படிக்க முடியாத எஸ்.எஸ்.எல். இணைப்புக்கு நானே மாற்றிவிட்டேன். காலையெல்லாம், சர்வர் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழ் செல்லாது என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. பாஸ்வேர்டு, இணைப்புக்கான போர்ட் எண் எல்லாம் சரி. மதியம்தான் கண்ணில் பட்டது. போன மாதக் கணக்கில் பில் போட, கம்ப்யூட்டர் தேதியைப் பின்னால் தள்ளி வைத்திருந்தோம். சான்றிதழோ இந்த மாதத்திலிருந்துதான் செல்லும்! தேதியைத் திருத்தினேன். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட மாதிரி மெயில் கொட்டியது. நாங்கள் காத்துக் கிடந்த கார் கம்பெனி ஆர்டரும் அதில் இருந்தது!

"சூப்பர்மா! போன மாசத்து பில்லு இன்னும் கீது, தேதிய மறுபடி தள்ளிடு," என்றார் மேனேஜர்.

"தள்ளினா மெயில் நின்னுரும் சார்."

ஆர்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வுடு, இன்னிக்குத் தேதியே போடு."