வெளியே போட்ட பூட்டு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கீழே நின்றவர்கள்: நான், என் வீட்டுக்காரர், கொழுந்தனார், கார் நிறுத்தும் அறையில் குடியிருக்கும் தையல்காரப் பெண், அவள் இடுப்பில் கைக்குழந்தை, நகராட்சி அதிகாரி.

அனுமதி வாங்கியது ஒரே வீட்டுக்கு. பலகை அடித்து, கீழே மூன்று குடும்பங்களை வைத்திருக்கிறோம். அதிகாரி பலகையைத் தட்டிப் பார்த்தார். "ஜன்னலே இல்ல. அடுப்பு வாசல்ல இருக்கு. தீப்பிடிச்சா இந்தப் பொண்ணு எந்த வழியா ஓடும்? மொத்தம் எத்தனை குடும்பம்?"

"மூணு" என்றேன்.

அடுத்த செவ்வாய்க்குள் காலி செய்யாவிட்டால் சீல், வழக்கு. அதிகாரி போனதும் கொழுந்தனார், "ஏன் அண்ணி, உண்மையச் சொல்ல உங்களைக் கோர்ட்டுக் கூண்டுலயா ஏத்துனாங்க?" என்றார்.

மார்ச் 6

மற்ற இரண்டு குடும்பங்களும் சாமான் கட்டிவிட்டன. தையல்காரிக்குப் போக்கிடம் இல்லை. கைக்குழந்தையோடு தனியாக இருப்பவளுக்கு யார் வீடு தருவார்கள்?

இவர் சொல்கிறார்: "அவ பாட்டுக்கு இருக்கட்டும். அன்னிக்கு வெளியே பூட்டிட்டா, சாமான் போடுற அறைன்னு சொல்லிக்கலாம்."

அவளும் தலையாட்டுகிறாள்! "பால் குடுத்துத் தூங்க வெச்சிருவேன்க்கா. மூச்சு விடமாட்டோம்."

மூச்சு விடமாட்டார்களாம்.

மார்ச் 8

புதுப் பூட்டு வாங்கியாயிற்று. கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது? பேனா ஓடவில்லை.

மார்ச் 11

பூட்டியது நான்தான். என் கையால்.

அதிகாரி மாடியெல்லாம் பார்த்துவிட்டுக் கீழே வந்தார். குழந்தை அழக்கூடாது, அழக்கூடாது என்று வேண்டிக்கொண்டே நின்றேன். என்ன வேண்டுதல் இது? பிள்ளை வாயை அடைக்கச் சொல்லியா கடவுளைக் கூப்பிடுவது?

"சரிம்மா, காலி பண்ணிட்டீங்க" என்று அவர் திரும்பினார். அவ்வளவுதான், பிழைத்தோம். ஆனால் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. முனகல்கூட இல்லை. ஐயோ, என்ன ஆச்சு — காற்று வர வழியே இல்லையே அந்த ரூமுல —

அதிகாரி வாசலைத் தாண்டுமுன்பே திறந்துவிட்டேன்.

வியர்வையில் நனைந்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை விழித்திருந்தது. அதன் வாய்மேல் அவள் உள்ளங்கை.

"ஏன்க்கா திறந்தீங்க? இன்னும் ரெண்டு நிமிஷம்தானே?" என்று அழுதாள். "குடியக் கெடுத்துட்டியேடி" என்று இவர் தம்பியோடு கிளம்பிப் போய்விட்டார்.

மார்ச் 12

தொழுகிறேன். சொல் வரவில்லை.

மார்ச் 13

போனில் அவருக்கு அனுப்பியது:

என்னங்க, கீழே முழுக்கச் சீல் வைத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணும் குழந்தையும் நம் அறையில் படுக்கிறார்கள், நான் கூடத்தில். அவளும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பலகைச் சுவரை இடிக்க, வீடு யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்து வேண்டுமாம். வருவீர்களா, மாட்டீர்களா? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.