தோப்பு இளநீர்

செவ்வாய், 12 மார்ச் 1996

ஜெர்மனியிலிருந்து பனியன் வாங்க வந்தவர் எங்கள் தோப்பைப் பார்க்க ஆசைப்பட்டார். ஏற்றுமதியாளர் சங்கத் தலைவன் நான், நானே கூட்டிப்போனேன். தம்பி இளநீர் சீவி நீட்டினான். நான் குறுக்கே புகுந்து காரிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். என்னுடையது உட்பட எல்லாச் சாயப்பட்டறைத் தண்ணீரும் நொய்யலில் கலந்து அந்த மரங்களுக்குத்தான் பாய்கிறது.

"ஏனுங்ணா, நம்ம எளநி நல்லாத்தானுங்களே இருக்குது?" என்றான் தம்பி.

"அவருக்கு ஒத்துக்காது கண்ணு."

சாயங்காலம் சங்கக் கூட்டத்தில், சாயத் தண்ணீரால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று பேசினேன். பலமாகக் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தால், என் மகளுக்கென்று தம்பி ஒரு குலை இளநீர் கொடுத்தனுப்பியிருக்கிறான். யார் அவனை அனுப்பச் சொன்னது?

ஒன்றைக் குடித்துவிட்டுத் தூங்குகிறாள்.