பத்மாவோடு தீவுக்குப் போனது

வியாழன், 6.3.2008. நோர்பரி

காலையிலிருந்து தூறல். குடையை வார்டில் மறந்துவிட்டேன். ஷிப்ட் முடிய நாலரை. நனைந்துகொண்டே பஸ்.

நாளைக் காலை விமானம். பையில் போட்டவை: கோல்ஃப் ஷூ, கையுறை, தொப்பி, பிரஷர் மாத்திரை, நீச்சல் உடை (போடப் போவதில்லை), எலுமிச்சை ஊறுகாய். ஊறுகாய் லிக்விட் கணக்கில் வருமா? வீட்டுக்காரர் செல்வாவிடம் கேட்டேன். "மூணு நாளு ஊறுகா இல்லாம இருந்தா செத்தா போயிருவே?" என்றார். பிறகு, "தீவுல போயி கோல்ஃப். டத்தோ பட்டம் வாங்குன பெரிய மனுஷங்க பொண்டாட்டிங்கதான் இப்படிப் போவாங்க. நல்லா இரும்மா" என்று கிண்டல். ஆனால் மட்டைப் பையை மாடியிலிருந்து இறக்கித் தந்தது அவர்தான். அவருக்கு மூச்சு வாங்கியது. எடையைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

போவது நாங்கள் மூன்று பேர். லெட்சுமியும் நானும் எழுபத்து நாலில் ஒரே விமானத்தில் மலேசியாவிலிருந்து நர்ஸ் படிக்க வந்தவர்கள். பத்மா டூட்டிங்கில் மளிகைக் கடை வைத்திருப்பவள். யாழ்ப்பாணம், பிறகு பல வருஷம் ஜெர்மனி, பிறகு இங்கே. கவுன்சில் நடத்திய பெண்கள் கோல்ஃப் வகுப்பில் மூவரும் ஒரே நாளில் மட்டையைக் கையில் எடுத்தோம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

எழுதாமல் தள்ளிப்போட்ட விஷயத்தை இப்போது எழுதிவிடுகிறேன். போன மாதம் பயிற்சிக்குப் போனபோது பத்மா கார் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தாள். இடது கை வீசியது. வலது கை வீசவில்லை, உடம்போடு ஒட்டியே வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தாள். அதே கை மடியில் சும்மா கிடந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தன. எத்தனை வருஷமாக எத்தனை பேர் கையில் இதைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பும்போது காரில் லெட்சு.

"நீயும் பாத்தியாடி?"

"பாத்தேன்."

"அதுதானே?"

"அதுதான்னு நெனைக்கிறேன்."

சிக்னல் பச்சையானது தெரியவில்லை. பின்னால் ஹார்ன்.

முடிவு செய்தது: போய் வரும்வரை மூச்சு விடுவதில்லை. பாவம், வருஷம் முழுக்கக் கடையில் நிற்பவள், மூன்று நாள் சந்தோஷமாக இருக்கட்டும். வந்ததும் பக்குவமாகச் சொல்லி டாக்டரிடம் கூட்டிப் போகலாம். அதுவரை அவளுக்குத் தெரியாமல் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லப்போவது யார் என்று மட்டும் முடிவாகவில்லை. எனக்குப் பயம்.

வெள்ளி, 7.3. டெனெரீஃப், ஸ்பானியத் தீவு

கேட்விக் விமான நிலையச் சோதனையில் ஊறுகாய் போச்சு. குப்பைத் தொட்டியில் போடும்போது பையைச் சோதித்த பெண் மூக்கைச் சுளித்தாள். பத்மா மிளகாய் போட்டு உலர இடித்திருந்த கட்டைச் சம்பல் மட்டும் தப்பியது. "காய்ஞ்ச சாமானை விடுவாங்கள். வியாபாரம் செய்யிறவளுக்கு இதுகூடத் தெரியாதே?" என்று எனக்கு ஒரு பார்வை.

நாலு மணி நேரம் பறந்து இறங்கினால் வெயில். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டோம். கறுப்பு மணல். காம்பவுண்டுச் சுவர் கட்டி உள்ளே வாழைத்தோட்டம். விளம்பரத் தாளில் "ட்ராபிக்கல் தீவு" என்று போட்டிருந்தான். லெட்சு தைப்பிங்காரி, மலேசியாவிலேயே அதிக மழை பெய்கிற ஊர். விடுவாளா?

"மழையே இல்ல, கொசுவும் இல்ல. என்னா ட்ராபிக்கல்லா இது? தைப்பிங்ல பொறந்தவகிட்ட ஏமாத்துறான்."

ரிசார்ட் நன்றாக இருக்கிறது. மூவருக்கும் ஒரே அறை, எனக்கு மடக்குக் கட்டில். முதுகு நாளைக்குச் சொல்லும்.

இரவுச் சாப்பாட்டில் நானும் லெட்சுவும் எங்களை அறியாமலே வேலைக்குப் போய்விட்டோம். லெட்சு பத்மாவின் கிண்ணத்தில் சூப்பைப் பாதிதான் ஊற்றினாள். கை நடுங்குகிறவர்களுக்கு வார்டில் செய்வது அது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன், தண்ணீர்க் குவளையை இடது கைப் பக்கம் நகர்த்தினேன். பத்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன, ரெண்டுபேரும் புது மாப்பிளைக்குப் பந்தி வைக்கிற மாதிரி நிக்கிறியள்?"

சிரித்து மழுப்பினோம். அவளும் சிரித்தாள். வலது கை மேசைக்கு அடியில் இருந்தது.

செல்வாவுக்குப் போன் செய்தேன். குழம்பைச் சூடு பண்ணத் தெரியவில்லையாம்.

சனி, 8.3.

வெயில், காற்று. முதுகுவலி (சொன்னேனே). ஏழரைக்கே திடலில்.

மாலை இப்போது. மற்ற இருவரும் நீச்சல் குளத்தில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

நண்பர்களுக்குள் ஆடும்போது ஒரு வழக்கம் உண்டு. பந்து குழிக்கு ஒரு முழத்தில் கிடந்தால், "போன மாதிரிதான், எடுத்துக்கோ" என்று விட்டுக்கொடுத்துவிடுவார்கள். எங்கள் மூவரிடம் மட்டும் அது கிடையாது. பத்மா போட்ட சட்டம். வகுப்புக் காலத்திலேயே சொல்லிவிட்டாள்: "குழிக்குள்ள விழுற சத்தம் கேக்கவேணும். அதுக்குத்தானே காசு குடுக்கிறம்." ஒரு விரல் தூரம் என்றாலும் அடித்துத்தான் தீர வேண்டும். மழையிலும் அப்படித்தான் ஆடியிருக்கிறோம்.

பெரிய அடிகளில் இன்று அவளிடம் ஒரு குறையும் இல்லை. எங்கள் இருவரையும் தாண்டிப் பந்து போனது. கை வேலை செய்யும்போது இந்த நடுக்கம் அடங்கிவிடும். சும்மா இருக்கும்போதுதான் வரும். குழிக்குப் பக்கத்தில், சின்ன அடிக்காகக் குனிந்து, பந்தைப் பார்த்து அசையாமல் நிற்கிறாளே, அப்போது. மட்டையின் தலை புல்லில் தட்டித் தட்டி ஆடியது. என்னால் பார்க்க முடியவில்லை.

முதல் குழியில் லெட்சு சொன்னாள், "உள்ள போன மாதிரிதான்லா. எடுத்துக்கோ பத்மா."

பத்மா நிமிர்ந்து பார்த்தாள். பந்தை எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது குழியில் நான் சொன்னேன். மூன்றாவதில் மறுபடி லெட்சு. அடுத்ததில் நான் ஒரு படி மேலே போய்ப் பந்தை நானே குனிந்து எடுத்து அவள் கையில் கொடுக்கப்போனேன்.

அவள் வாங்கவில்லை.

"சரோ, அதை எடுத்த இடத்தில வையும்."

வைத்தேன்.

"நான் உங்கட வார்ட்டில கிடக்கேல்லை."

சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் முகம் பற்றி எரிந்தது. லெட்சு தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டாள்.

"நீங்கள் பாத்திட்டியள் எண்டு எனக்குத் தெரியும். எனக்கு தை மாசமே ஸ்பெசலிஸ்ட் சொல்லிப்போட்டார். பார்க்கின்சன். குளிசை போடுறன்."

"தை மாசமா?" என்றேன். "ஏன் எங்ககிட்ட சொல்லல? நாங்க ரெண்டு பேரும் நர்ஸு, எங்ககிட்டயே..."

"அதுக்காகத்தான் சொல்லேல்லை. சொன்னா ரெண்டுபேரும் நேர்சா மாறிடுவியள். நேர்ஸ்மார் எனக்கு ஆஸ்பத்திரியில இருக்கினம். விளையாட எனக்கு நீங்கள் ரெண்டுபேர்தான் இருக்கிறியள்."

பின்னால் ஒரு ஜெர்மன் தம்பதி காத்திருந்தார்கள். அந்த ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். பத்மா திரும்பி ஜெர்மனில் ஏதோ சொன்னாள். அந்த ஆள் அப்படியே தொப்பியைக் கையில் எடுத்துவிட்டான், அந்தம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னா சொன்னே?" லெட்சு.

"நடுங்கிற கையால எப்பிடி அடிக்கிறதெண்டு நிண்டு பாருங்கோ எண்டனான்."

குனிந்தாள். மட்டை ஆடியது. காத்திருந்தோம். அடித்தாள், தாண்டிப் போனது. மறுபக்கம் வந்து நின்றாள். மறுபடி தவறியது. இன்னொரு தடவை. ஓடிப்போய்ப் பிடிக்கத் துடித்தது எனக்கு. ஒரு மனுஷியைச் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடைசியில் பந்து விளிம்பில் சுற்றி உள்ளே விழுந்தது. சத்தம் கேட்டது. ஜெர்மன்காரர்கள் கை தட்டினார்கள்.

லெட்சு அழுதாள். வெயில் கண்ணில் படுகிறது என்றாள்.

பின்குறிப்பு: குளத்தோரம் பத்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் விரல் தானாக நாடிக்குப் போய்விட்டது. அவள் கடலைப் பார்த்தபடியே, "எவ்வளவு அடிக்குது?" என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஞாயிறு, 9.3.

மேகம். பக்கத்து அறையில் குழந்தை அழுகை. காலைச் சாப்பாட்டில் பப்பாளி, ருசியே இல்லை. லெட்சு சூப் கிண்ணத்துக்குப் பரிகாரமாகப் பத்மாவுக்குக் காபியைத் தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்தாள். பாதி மேசைத்துணியில். யாரும் துடைக்க எழவில்லை. பத்மாவே துடைத்தாள், மெதுவாக, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு.

ஒன்பது குழி மட்டும் ஆடினோம். சின்ன அடிகளுக்கு நேரம் எடுத்தது, எடுக்கட்டும் என்று புல்லில் உட்கார்ந்துவிட்டோம். லெட்சு பந்தை வாழைத்தோட்டத்துக்குள் அனுப்பிவிட்டுச் சுவரேறி எட்டிப் பார்த்து வாட்ச்மேனிடம் திட்டு வாங்கினாள். ஸ்பானிய மொழியில் திட்டினான், இவள் மலாயில் மன்னிப்புக் கேட்டாள்.

விமான நிலையத்தில் வரிசை. லெட்சு சாக்லேட் வாங்கப் போன நேரம் பத்மா சொன்னாள்: வீட்டில் யாருக்கும் இன்னும் தெரியாதாம். மகள் லீட்ஸில், கடைசி வருஷப் பரீட்சை. கணவர் சிவத்துக்குப் போன வருஷம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது. மாத்திரையை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் போடுகிறாளாம்.

"அவர் தாங்கமாட்டார் எண்டு பயம் சரோ. செவ்வாய்க்கிழமை கடையில சனம் குறைவு. அண்டைக்குச் சொல்லப்போறன். நீர் வந்து பக்கத்தில நிக்க ஏலுமோ?"

"நிக்கிறேன்" என்றேன்.

"வந்து நிண்டாக் காணும், அதுவே போதும். ஒண்டும் விளங்கப்படுத்த வேண்டாம்."

சரி என்றேன். விமானத்தில் முழுக்க அவள் தூங்கினாள். கை மடியில் அசையாமல் இருந்தது. தூக்கத்தில் நின்றுவிடும். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

செவ்வாய், 11.3. நோர்பரி

பேய்க்காற்று. எங்கள் வேலிப் பலகை இரண்டு சாய்ந்துவிட்டது. செல்வா பார்க்கிறேன் என்கிறார், பார்க்க மாட்டார்.

லெட்சுவுக்கு ஷிப்ட், மாற்ற முடியவில்லை. நான் மட்டும் டூட்டிங் போனேன். கைப்பையில் பார்க்கின்சன் பற்றிய துண்டுத்தாள் ஒன்று. பழக்க தோஷம், வார்டிலிருந்து எடுத்துவந்துவிட்டேன். கடை வாசலில் நினைவு வந்து உள்பையில் திணித்தேன்.

சிவம் அண்ணை முருங்கைக்காய்க் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். "வாங்கோ அக்கா. தீவு எப்பிடி? இவ ஒரு படம்கூடக் காட்டேல்லை." கடையில் வேறு யாரும் இல்லை. பத்மா கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். வலது கையைப் பின்னால் மறைக்கவில்லை. அவர் முன்னால் நீட்டினாள்.

"இஞ்ச பாருங்கோப்பா."

பார்த்தார். அவள் நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டாள். தை மாசம், நோயின் பெயர், குளிசை, உங்களுக்கு நெஞ்சு ஏலாது எண்டுதான் இவ்வளவு நாளும் சொல்லேல்லை. அவர் கையில் முருங்கைக்காய் அப்படியே இருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை போல.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்கள் நேர்ஸ்தானே. சொல்லுங்கோ. இவ எவ்வளவு காலத்துக்கு இப்பிடி நடந்து திரிவா?"

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். பதில் என் நாக்கு நுனியில் இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி, இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன, உடற்பயிற்சி முக்கியம். சொல்லிவிட்டு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். எந்த நோயாளியின் ஆட்கள் முன்னாலும் நான் அழுததில்லை. வாயைத் திறந்தேன்.

"தெரியலண்ணே" என்றேன். "எனக்குத் தெரியல."

கத்தரிக்காய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி, சத்தமாக. ஆறுதல் சொல்லப் போனவள்!

சிவம் அண்ணை பதறிப்போனார். "அக்கா, என்னக்கா இது... பத்மா, இவவுக்கு என்ன? நேர்ஸ் அழுதா நாங்கள் என்ன செய்யிறது?"

பத்மா வந்து அந்தக் கையாலேயே என் முதுகைத் தடவினாள். நடுக்கம் ஜாக்கெட்டைத் தாண்டித் தெரிந்தது.

"அவவை ஒண்டும் கேளாதேங்கோ," என்றாள் அவரிடம். "அவ நேர்சா வரேல்லை. என்னோட வந்தவ."