ஏழாம் மாடியில் காய்ந்த துணி

மார்ச் 9

அன்புள்ள பிடிவாதக்காரிக்கு,

நான் நலம். நீயும் நம் குட்டி வாலுவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் என் அம்மா பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்றாய். அதனால் இனி கடிதம்தான்.

ஊர் எப்படி என்று கேட்டாய். கடல் இருக்கிறது, எங்கள் தெருவிலிருந்து தெரியாது. கரை நெடுக அடுக்குமாடிகள் சுவர் எழுப்பினாற்போல் நிற்கின்றன. அவற்றின் முதுகுக்குப் பின்னால்தான் நாங்கள்: மூட்டை தூக்குகிறவர்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், கரையிலிருந்து விரட்டப்பட்ட மீன்காரர்கள். காற்றை மாடிகள் வைத்துக்கொண்டு உப்பை மட்டும் எங்களுக்கு அனுப்புகின்றன. காலையில் போட்ட சட்டை தெருமுனைக்குப் போவதற்குள் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. எங்கள் அறையில் நாலு பேர், இரண்டு கட்டில். ஷிப்டு மாறினால் கட்டிலும் கைமாறும். கிரேன்காரர் எழுந்த சூட்டிலேயே நான் படுப்பேன்.

என் வேலையைக் கேட்டால் சிரிப்பாய். ஆள் இல்லாத வீடுகளுக்குக் காற்று விடுகிறேன். அந்த மாடிகளில் பாதி வீட்டுக்காரர்கள் வேறு தேசத்தில் இருக்கிறார்கள். பூட்டியே கிடந்தால் சோபாவில் பூஞ்சை பூக்கும், கீல் துருப்பிடிக்கும். அதனால் நான் தினமும் ஜன்னலைத் திறந்து, குழாயைத் திருகி, விசிறியைச் சுற்றவிட்டு, பொழுது சாய்ந்தால் விளக்கைப் போட்டு, திருடனுக்கு வீட்டில் ஆள் இருப்பதாகக் காட்ட வேண்டும். இங்கே என் பெயரே ‘சாவி’. இதைக் கட்டினவன் தகரக் கொட்டகையில் கிடக்கிறான், வாங்கினவன் வரவே மாட்டேன் என்கிறான், நடுவில் வீடு மட்டும் அனாதையாக நிற்கிறது.

வாலுவுக்கு முத்தம்.

உன்,
சாவி

மார்ச் 28

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் எழுதியதை வாலுவுக்கு வாசித்துக் காட்டினேன். “அப்பா வீடு வீடாப் போய் விசிறி போடுறாரா? நம்ம வீட்டுக்கு எப்போ வருவாரு?” என்கிறாள். நீங்களே அவளுக்குப் பதில் எழுதுங்கள்.

தையல் கடையில் வேலைக்குக் குறைவில்லை. வீட்டில்தான் உட்கார இடமில்லை. உங்கள் தம்பி குடும்பமும் வந்துவிட்டதால் நானும் வாலுவும் சமையலறையில் படுக்கிறோம். அத்தை ஒன்றும் சொல்வதில்லை. பாத்திரங்கள்தான் பேசுகின்றன.

வீடு பார்க்கிறேன் என்று போன வருஷமே சொன்னீர்கள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் நாம் சேர்ந்து இருந்ததைக் கூட்டினால் ஒரு பள்ளிக்கூட லீவு அளவுக்குத்தான் தேறும். குடிசையானாலும் சரி. மே மாதம் எங்களைக் கூப்பிடுங்கள், இல்லை நீங்கள் வாருங்கள்.

உங்கள்,
பிடிவாதக்காரி

ஏப்ரல் 19

அன்புள்ளவளே,

வீடு பார்க்காமல் இல்லை. ஒருவர் குழந்தை இருந்தால் தண்ணீர் செலவாகும் என்கிறார். இன்னொருவர் என்ன வேலை என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறார். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளின் சாவி இடுப்பில் தொங்குகிறது, எனக்கு ஒரு வீடு கிடைக்கவில்லை. அடுக்குமாடிச் சங்கத்து செக்ரட்டரியிடம் காலியாகக் கிடக்கும் காவலாளி அறையைக் கேட்டேன். “குடும்பம் வந்தா பில்டிங் கெட்டுப்போயிரும்பா” என்றார். பூஞ்சை வந்தால் கெடாதாம், புருஷன் பெண்டாட்டி வந்தால் கெடுமாம்.

அதனால் ஒரு யோசனை. ஏழாம் மாடிக்காரர் டிசம்பரில்தான் வருவார். மே மாதம் பத்து நாள் அங்கே இருங்கள். விளக்கு எரிந்தால் நான் போட்டேன் என்பார்கள். தண்ணீர் ஓடினாலும் அப்படித்தான். யாருக்கும் சந்தேகம் வராது. சத்தம் மட்டும் கூடாது. வாலுவிடம் சொல்லி வை.

உன்,
சாவி

மே 24

மாமாவுக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம்.

பஸ் ஏற்றிவிட வந்தபோது நான் ஏன் பேசவில்லை என்று கேட்டீர்கள். எழுதினால்தான் எனக்குச் சரியாக வரும்.

முதல் மூன்று நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்படி ஒரு காற்றை நான் நம் ஊரில் பார்த்ததே இல்லை. வாலு இரவில் ஒருமுறைகூட இருமவில்லை. நீங்கள் மட்டும் பூனை மாதிரி நடந்தீர்கள். அவள் சிரித்தால் வாயைப் பொத்தினீர்கள். “அம்மா, இது யாரு வீடு? ஏன் குசுகுசுன்னு பேசணும்?” என்று கேட்டாள். உன் அப்பா பார்த்துக்கொள்கிற வீடு என்றேன்.

நாலாம் நாள் துணி துவைத்தேன். வெயில், காற்று, கம்பி எல்லாம் இருந்தன. வாலுவின் பாவாடையையும் உங்கள் சட்டையையும் பால்கனியில் போட்டேன். நீங்கள் எல்லாவற்றுக்கும் யோசித்தீர்கள், எனக்கு இதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். செக்ரட்டரி வாசலில் நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “இந்த பில்டிங்ல யாரும் துணி காயப்போட மாட்டாங்க. துணி காயுதுன்னா ஆள் குடியிருக்காங்கன்னு அர்த்தம். யாரு இது?”

நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு சொன்னீர்கள்: “வீடு கூட்டித் துடைக்க வந்த பொம்பளை சார். மழை வர்றதுக்குள்ள திரைச்சீலை எல்லாம் துவைக்கச் சொன்னேன். கூடவே தன் பிள்ளை துணியையும் என் சட்டையையும் போட்டுடுச்சு.”

அந்த ஆள் என்னைப் பார்த்தார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன். அவர் போகும்வரை, ஏற்கெனவே கூட்டின தரையையே கூட்டினேன். வாலு உங்களை அப்பா என்று கூப்பிடவில்லை. யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேலை போகாதது நல்லதுதான்.

ஜூன் 8

அன்புள்ளவளே,

நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? என் பெண்டாட்டி என்றால் அன்றைக்கே வெளியே தள்ளியிருப்பார்கள். அப்புறம் மூன்று பேரும் தெருவில் நிற்க வேண்டியதுதான். கோபத்தை அந்த ஆள் மேல் காட்டு. ஒரு துணியைக் காயப்போட முடியாத வீட்டை வீடு என்று கட்டியவன் மேல் காட்டு. என் மேல் ஏன்?

மழை தொடங்கிவிட்டது. எங்கள் தெரு முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. ஒரு நல்ல செய்தி. செக்ரட்டரிக்கு என் மேல் நம்பிக்கை கூடியிருக்கிறது. படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அந்தக் காவலாளி அறையை எனக்கே கொடுத்துவிட்டார். இனி இரவும் பகலும் இங்கேதான். ஆள் தனியாக இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. சரி என்றேன். இரண்டு மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டால் ஏதாவது வழி பிறக்கும்.

உன் எழுத்தைப் பார்த்து இரண்டு வாரமாகிறது. இங்கே யாரிடமும் பேசாமலே ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது. நேற்று ஒன்பதாம் மாடியில் ஜன்னலைத் திறந்துவிட்டு, காற்று வாங்கினாயா என்று சோபாவைக் கேட்டேன். ஒரு வரி எழுது.

உன்,
சாவி

ஜூலை 21

மாமாவுக்கு,

தபால் முத்திரையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நீங்கள் இருக்கும் இதே ஊரிலிருந்துதான் எழுதுகிறேன். வந்து எட்டு நாளாகிறது.

மே மாதம் ஊர் திரும்பும்போது பஸ்ஸில் பழக்கமான ஒரு நர்சு அக்கா, தான் இருக்கும் மேட்டுத் தெருவில் ஓர் அறை பிடித்துக் கொடுத்தார். மேடு என்பதால் தண்ணீர் ஏறாது. சுவர் ஈரம்தான், வாலுவுக்கு இருமலும் இருக்கிறது. ஆனால் வாய்விட்டு இருமுகிறாள், வாய்விட்டுச் சிரிக்கிறாள். யாரும் பொத்துவதில்லை. ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைக்கும் இடத்தில் எனக்கு மெஷின் கொடுத்திருக்கிறார்கள். அத்தை என்னைத் திட்டித்தான் அனுப்பினார். திட்டிக்கொண்டே வழிக்குச் சோறும் கட்டிக் கொடுத்தார்.

உங்கள் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசை. தீரவில்லை. பயத்தில் சொன்னீர்கள் என்று தெரியும். அந்தப் பயத்தில் எங்களை இன்னும் எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்வீர்கள் என்பதுதான் தெரியவில்லை.

வீட்டுக்காரம்மா, “உன் வீட்டுக்காரர் வருவாராம்மா?” என்று கேட்டார். அவருக்கு இருக்க இடம் இருக்கிறது, வருவாரா என்று தெரியாது என்றேன்.

உங்கள் மாடியிலிருந்து இங்கே நடந்தே வந்துவிடலாம். கோயில் குளத்தைத் தாண்டி மேட்டில் ஏறினால் மூன்றாவது பச்சைக் கதவு. வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல மாட்டேன், விடாதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும். தட்டினால் கதவுக்கு ஓடுவது வாலுதான். திறப்பதற்கு முன்னால் “யாரு?” என்று கேட்பாள், அப்படிக் கேட்கப் பழக்கியிருக்கிறேன். என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்று வழியிலேயே யோசித்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி